காணி வாங்கி விற்க லைசன்ஸ் வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 31, யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருக்கிறேன். சேர்த்த காசில் ஒரு துண்டுக் காணி வாங்கி, இரண்டொரு வருடத்தில் விற்று, அப்படியே தொடரலாம் என்று யோசிக்கிறேன். ரொறன்ரோவில் இருக்கும் மச்சான், "முதலில் ரியல் எஸ்டேட் லைசன்ஸ் எடு, பிறகு இறங்கு" என்கிறார். பாதிக் காசு அவரும் போடுவாராம். எடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். மச்சான் சொல்வது அவர் இருக்கும் ஊர்க் கதை. அங்கேயும் தனக்கென்று வீடு வாங்கி விற்பவருக்கு லைசன்ஸ் கட்டாயமில்லை. பிறருக்கு விற்றுக் கொடுத்துக் கமிஷன் எடுப்பவருக்குத்தான் அது தேவை. ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் படித்துச் சோதனை பாஸ் பண்ணினாலும் ஒரு புரோக்கரேஜ் நிறுவனத்தின் கீழ்தான் வேலை செய்யலாம். கட்டணங்கள் தொடர்ந்து கட்டவேண்டும். தனக்காக ஒரு வீடு வாங்கினால், தான் பதிவு பெற்ற முகவர் என்பதை எதிர்த் தரப்புக்கு எழுத்தில் சொல்லவும் வேண்டும். கமிஷனில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம், சரி. எப்போதாவது ஒரு வீடு வாங்குபவருக்கு அது கட்டுபடியாகுமா என்பது அங்கேயே சந்தேகம்.

இங்கே இலங்கையில் காணித் தரகருக்கு அப்படியொரு லைசன்ஸ் முறையே இல்லை. உங்களுக்கு ஆபத்து காணி உறுதியில், அதாவது காணியின் உரிமைப் பத்திரத்தில்தான் இருக்கிறது. படிப்புக்கு ஒதுக்கும் காசை உங்கள் பக்கத்துக்கென்று ஒரு நொத்தாரிசுக்கு (உறுதி எழுதும் சட்டத்தரணிக்கு) கொடுங்கள். விற்பவரோ தரகரோ கூட்டிவரும் நொத்தாரிசு போதாது. காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருடப் பதிவைப் பார்க்கச் சொல்லுங்கள்: ஈடு (அடமானம்) இருக்கிறதா, வழக்குப் பதிவா, அற்றோனித் தத்துவத்தில் (சொந்தக்காரருக்குப் பதிலாகச் செய்ய இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்த அதிகாரத்தில்) கைமாறியதா, அந்தத் தத்துவம் இன்னும் செல்லுமா?

யாழ்ப்பாணத்தில் கூடுதலாகப் பார்க்க வேண்டியது தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம். பங்குக் காணியில் (பிரிக்காமல் பலர் சேர்ந்து வைத்திருக்கும் காணியில்) ஒரு பங்கை விற்கும்போது மற்றப் பங்குகாரருக்கு முன்வாங்கும் உரிமை உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதற்கான அறிவித்தல் முறையைச் சொல்கிறது. அந்த அறிவித்தல் இல்லாமல் எழுதிய உறுதிக்கு எதிராக, நீங்கள் மதில் கட்டி முடித்த பிறகுகூட வழக்கு வரலாம். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சீதனக் காணியை விற்க, கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். "அவர் வெளிநாட்டிலை, பிறகு வாங்கித் தாறம்" என்றால் முற்பணம் கொடுக்காதீர்கள்.

ஆட்சியையும், அதாவது காணி யார் கையில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். உறுதியில் ஒருவர், வளவுக்குள் இன்னொருவர் என்பது நம்மூரில் புதினமில்லை. 10 வருடம் எதிர்ப்பில்லாமல் ஆண்டவர் உரிமை கோரலாம் என்பது 1871இலிருந்து உள்ள சட்டம். போரால் தம் காணிக்குப் போக முடியாதிருந்தவர்களுக்கு 2016இன் 5ஆம் இலக்கச் சட்டம் விசேட பாதுகாப்புக் கொடுத்தது. ஆகவே "20 வருசமாய் நாங்கள்தான் இருக்கிறம்" என்ற பேச்சை மட்டும் நம்பி வாங்குவது சரிவராது. நில அளவையாளரைக் கொண்டு அளந்து, உறுதியில் உள்ள பரப்பும் ஒழுங்கைப் பாதையும் நிலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பரப்பு 10 பேர்ச். அரைப் பரப்புக் குறைந்தாலும் விலை எங்கேயோ போய்விடும்.

மச்சானின் பங்கு விஷயம் இன்னும் கவனம். அவர் கனேடியக் குடியுரிமை எடுத்து, இலங்கையின் இரட்டைக் குடியுரிமை எடுக்காதிருந்தால், 2014இன் 38ஆம் இலக்கச் சட்டப்படி இங்கே அவர் பெயரில் காணி வாங்க முடியாது. 'உன் பெயரில் எழுது, பங்கு எனக்கு' என்று வாய்ப்பேச்சில் வைத்தால் காணியோடு உறவும் போகும். முதலில் அவர் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கட்டும்.

கடைசியாகக் கணக்கு. விற்பனை உறுதிக்கான முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4 சதவீதம். 50 லட்சம் ரூபாய்க் காணிக்கு 1,99,000 ரூபாய். அது வாங்குபவர் தலையில். விற்கும்போது 2018 ஏப்ரலில் வந்த மூலதன ஆதாய வரி. அடிக்கடி வாங்கி விற்றால் அதையே வியாபார வருமானமாகவும் பார்ப்பார்கள். நொத்தாரிசுக் கூலி, தரகு, அளவைச் செலவையும் சேர்த்தால், இரண்டு வருடத்தில் விலை நன்றாக ஏறினால்தான் கையில் ஏதாவது நிற்கும். ஐந்தாறு வருடம் எடுக்காமல் விட்டுவைக்கக்கூடிய காசு என்றால் வாங்குங்கள், அதுவும் தனி உறுதிக் காணியாக. முதல் காணியே பங்குக் காணியாக வேண்டாம்.