2, 3 என்று எண் போட்டால் முதல் ஆளுக்குப் பாதகமா?

வேலை விசாவில் ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் பகுதிக்கு வந்திருக்கிறீர்கள். கவுன்சில் தேர்தலில் ஓட்டு உண்டா, 2, 3 என்று எண் போட்டால் பிடித்தவர் தோற்றுவிடுவாரா என்று கேட்டிருந்தீர்கள்.

ஓட்டு உண்டு. இந்தியர் காமன்வெல்த் குடிமக்கள். செல்லுபடியாகும் விசா இருந்தால் போதும், பெயரைப் பதிவு செய்யுங்கள். வீட்டில் 16 வயதுப் பிள்ளை இருந்தால் அவருக்கும் உண்டு.

தயங்காமல் எண் போடுங்கள். பிடித்தவருக்கு 1, அடுத்தடுத்தவர்களுக்கு 2, 3 என்று விருப்ப வரிசையில் எண் போடுவதுதான் 2007 முதல் இங்கே முறை. ஹைலேண்டின் வெஸ்டர் ராஸ் பக்கத்து வார்டில் நான்கு இடங்கள். 4,000 செல்லுபடியான ஓட்டு என்றால் 801 வாங்கியவர் ஜெயித்தார். உங்கள் முதல் ஆள் போட்டியில் இருக்கும்வரை இரண்டாம் எண்ணை யாரும் தொடமாட்டார்கள். அவர் குறைந்த ஓட்டு வாங்கி வெளியேறினால் உங்கள் ஓட்டு முழுசாக அடுத்தவருக்குப் போகும். 801-ஐத் தாண்டி ஜெயித்தால், உபரிக்கு ஏற்ற ஒரு பங்கு மட்டும் போகும். 2, 3 என்று போடாவிட்டால் ஓட்டு அங்கேயே நின்றுவிடும். எனக்கு அதுதான் வருத்தம். நல்ல சுயேச்சைகள் பலர் இரண்டாம், மூன்றாம் எண்களால்தான் கரையேறுகிறார்கள்.

இருவருக்கு 1 போட்டால் சீட்டு செல்லாது. பெயர்கள் அகரவரிசையில் இருக்கும், மேலிருந்து கீழே வரிசையாகப் போட்டுவிடாதீர்கள். அப்புறம், கவுன்சில் தேர்தலுக்குப் புகைப்பட அடையாள அட்டை கேட்கமாட்டார்கள்.