பார்க்கின்சன் நோயுடன் ஆஸ்பத்திரியில் சேரும்போது: சில கேள்விகள்

அப்பாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. வீட்டில் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்கின்சன் மருந்தான லெவோடோபா கொடுக்கிறோம். வார்டில் அவர்கள் நேரத்துக்குத்தான் தருவார்களாமே?

சேரும் முன்பே பேசி முடிக்க வேண்டிய விஷயம் இது. வார்டில் எல்லோருக்கும் பொதுவான நேரத்தில்தான் மருந்து வரும். அது உங்கள் அப்பாவின் உடம்புக்கு ஒத்துவராது. ‘தினம் 5 வேளை’ என்று எழுதினால் போதாது. காலை 6, 9, 12 என்று மணியோடு கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். கால் மணி நேரத்துக்கு மேல் முன்பின் ஆகக் கூடாது. தாமதமானால் உடம்பு இறுகும், விழுங்கச் சிரமப்படும், அதனால் அடுத்த வேளையும் தள்ளிப்போகும். அடியோடு நிறுத்திவிட்டால் கடும் காய்ச்சலும் தசை இறுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இதை நர்ஸிடம் தயங்காமல் சொல்லுங்கள், ஷிஃப்ட் மாறும்போது மறுபடியும் சொல்லுங்கள். நச்சரிப்பதாக நினைத்தால் நினைக்கட்டும்.

மாத்திரைகளை அட்டையோடு கொண்டுபோங்கள். அதே வகை அங்கே இருக்கும் என்று நம்ப வேண்டாம். மெதுவாகக் கரையும் வகை என்றால் பொடித்துக் கொடுக்கக் கூடாது.

அறுவை சிகிச்சை அன்று வெறும் வயிறு என்கிறார்களே?

பெரும்பாலும் ஒரு மடக்குத் தண்ணீரோடு மாத்திரை போட அனுமதிப்பார்கள். மயக்க மருந்து டாக்டரிடம் முன்னாடியே கேட்டுவிடுங்கள். வெகுநேரம் விழுங்க முடியாது என்றால் மூக்குக் குழாய் வழியாக மருந்து, அல்லது தோலில் ஒட்டும் ரோட்டிகோட்டின் மருந்துப் பட்டை உண்டு. அளவை நரம்பியல் டாக்டர்தான் கணக்கிட வேண்டும்.

கொடுக்கவே கூடாத மருந்து எது?

வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு, புரோகுளோர்பெரசின். குழப்பத்துக்கு ஹாலோபெரிடால். பார்க்கின்சனில் மூளையில் ஏற்கெனவே குறைந்திருக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளின் வேலையை இவை தடுப்பதால் நோய் மோசமாகும். வாந்திக்குப் பொதுவாக ஆன்டான்செட்ரான் சரி. ஆனால் பார்க்கின்சனுக்கு அபோமார்ஃபின் ஊசி போடுபவருக்கு அதுவும் கூடாது. ரசாஜிலின், செலஜிலின் ஆகிய பார்க்கின்சன் மாத்திரைகளைச் சாப்பிடுபவர் வலிக்கு பெதிடின், டிரமடால் ஏற்கக் கூடாது. இந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதி கேஸ் ஷீட்டின் முன்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள்.

மூளைக்கு மின்தூண்டல் தரும் டிபிஎஸ் கருவி வைத்திருக்கிறேன்.

கருவியின் அட்டையும் ரிமோட்டும் கையில் இருக்கட்டும். எம்ஆர்ஐ எடுக்கலாமா என்பது கருவியின் மாடலைப் பொறுத்தது. பிசியோதெரபியில் வெப்பம் தரும் டயாதெர்மி வேண்டவே வேண்டாம்.

போன முறை இரவில் இல்லாத ஆட்களைப் பார்த்தார் அம்மா. நோய் முற்றிவிட்டதா?

அவசரப்பட்டு அப்படி முடிவு கட்டாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, புது மருந்து, தூக்கமின்மை என்று முதலில் தேடச் சொல்லுங்கள். கண்ணாடியும் காது மெஷினும் வீட்டில் விட்டுப் போனீர்களா? அவை இல்லாமலே பாதிக் குழப்பம் வரும். அப்புறம், முடிந்தால் ராத்திரி பழகிய முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.