செவன் அப் மருந்தா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரை இருக்கிறது. வயிறு மந்தமாக இருந்தால் உடனே செவன் அப் வாங்கி வரச் சொல்கிறார். வேண்டாம் என்றால், "இதெல்லாம் அமெரிக்காவில் மருந்துக் கடையில் விற்றது, தெரியுமா?" என்கிறார். உண்மையா? அவரிடம் என்ன சொல்வது?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அப்பா சொல்வது உண்மைதான் அம்மா, முதலில் அதை ஒத்துக்கொண்டுவிடுங்கள். கோக்க கோலாவை உருவாக்கிய ஜான் பெம்பர்ட்டன் அட்லாண்டாவில் மருந்து தயாரித்தவர். உள்நாட்டுப் போரில் பட்ட காயத்தின் வலிக்கு மார்ஃபின் எடுத்து, அதற்கே அடிமையாகி, மாற்று தேடியபோதுதான் கோக்கா இலையும் ஒயினும் சேர்ந்த ஒரு பானத்தைச் செய்தார். ஊரில் மதுவிலக்கு வந்ததும் ஒயினை எடுத்துவிட்டு இனிப்புப் பாகாக மாற்றினார். 1886-இல் ஜேக்கப்ஸ் மருந்துக் கடையில் ஒரு கிளாஸ் 5 சென்ட். தலைவலிக்கும் நரம்புத் தளர்ச்சிக்கும் நல்லது என்று விளம்பரம். இரண்டே வருடத்தில் பெம்பர்ட்டன் இறந்துபோனார், மார்ஃபின் பழக்கம் கடைசிவரை விடவில்லை. பெப்சியும் ஒரு மருந்துக் கடைக்காரர் செய்ததுதான், ஜீரணத்துக்கு என்று.

ஆனால் செவன் அப் கதை வேறு. 1929-இல் அது வந்தபோது அதில் லித்தியம் சிட்ரேட் இருந்தது. லித்தியம் இன்று மனநல மருத்துவர்கள் ரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்துக் கொடுக்கிற மருந்து. வயிற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அதையும் 1948-இலேயே எடுத்துவிட்டார்கள். மீதி இருப்பது சர்க்கரையும் கேஸும்தான். குடித்ததும் பெரிய ஏப்பம் வருகிறதே, அதில் பெரும்பங்கு அந்தப் பாட்டிலில் இருந்து உள்ளே போன கேஸ்தான். அது வெளியே வரும்போது வயிறு லேசானது மாதிரி இருக்கும்.

இந்த மாதிரிக் குளிர்பானம் 300 மில்லி குடித்தால் சுமார் 30 கிராம் சர்க்கரை, ஏழு டீஸ்பூன் என்று வையுங்கள். சர்க்கரை நோய் உள்ளவருக்கு அது வேண்டவே வேண்டாம். வயிற்றுப்போக்கின்போது யாருக்குமே கொடுக்காதீர்கள், இவ்வளவு இனிப்பு போக்கை இன்னும் அதிகமாக்கும், அதற்கு ஓ.ஆர்.எஸ். கரைசல்தான் சரி. மந்தத்துக்குச் சீரகத் தண்ணீர் கொடுத்து, கொஞ்சம் நடக்கச் சொல்லுங்கள். சோடா இல்லாமல் முடியாது என்றால் சர்க்கரை போடாத வெறும் சோடாவில் எலுமிச்சை பிழிந்து கொடுங்கள், அதில் தப்பில்லை.

அப்புறம் ஒன்று. சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்புகூட நெஞ்சுவலி இல்லாமல் வெறும் அஜீரணம் போல வரலாம். மந்தத்தோடு வியர்வை, மூச்சுத் திணறல், தாடையிலோ கையிலோ வலி என்று எது இருந்தாலும் சோடா, கஷாயம் என்று நேரம் போக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.