கேளுங்க சொல்றேன்: பெட்டியைப் பூட்டி வச்சுட்டுப் போன ஹில்மா

கேள்வி: ஹில்மா ஆஃப் கிளின்ட் எக்ஸிபிஷனை நியூயார்க்ல 6 லட்சம் பேர் பாத்தாங்கன்னு போன இதழ்ல ஒரே ஒரு வரி போட்டுட்டு விட்டுட்டீங்க. யாருங்க அந்தம்மா? (திருச்சி வாசகி)

பதில்: தப்பு தாங்க, ஒரு வரியில அடங்கற ஆள் இல்ல. ஸ்வீடன்காரங்க, 1862ல பொறந்தவங்க, ஸ்டாக்ஹோம் ராயல் அகாடமியில முறையா ஓவியம் படிச்சவங்க. வெளிய தெரிஞ்சதெல்லாம் பூ, செடி, லேண்ட்ஸ்கேப், போர்ட்ரெய்ட், அதை வித்துத்தான் பொழப்பு ஓடிருக்கு. ஆனா 1906லேர்ந்து 1915க்குள்ள யாருக்கும் பெருசா காட்டாம வேற ஒரு வேலை நடந்துருக்கு, கோயிலுக்கான ஓவியங்கள்னு அவங்களே பேர் வச்ச 193 படம், வட்டமும் சுருளும் எழுத்துமா, நிறைய படத்துல ஆளும் இல்ல மரமும் இல்ல. நடுவுல ஒரு நாலு வருஷம் இந்தப் படம் எதுவுமே வரையல, ஏன்னா அம்மாவுக்குக் கண்பார்வை போயிடுச்சு, கூட இருந்து பாத்துக்கணும். எனக்கு 193ங்கற நம்பரை விட இந்த நாலு வருஷம் தான் மனசுல நிக்குது, நம்ம வீடுகள்லயும் இப்படி எத்தனை பேர் பிரஷ்ஷைக் கீழ வச்சுருப்பாங்க!

1944ல 81 வயசுல இறந்தாங்க. செத்து 20 வருஷம் ஆகறவரைக்கும் இதையெல்லாம் பிரிக்கக்கூடாதுன்னு நோட்டுல எழுதி வச்சுட்டாங்க. 1200க்கும் மேல படம், 26,000 பக்கம் குறிப்பு, எல்லாம் கூடப்பொறந்தவரோட மகன் எரிக்குக்கு, அவர் கடற்படை ஆபீசர், பாவம். 1970 வாக்குல ஸ்டாக்ஹோம் மாடர்னா மியூசியத்துக்குச் சும்மாவே குடுக்கறேன்னு சொன்னப்போ வேணாம்னுட்டாங்க. அதே மியூசியம் 2013ல பெரிய எக்ஸிபிஷன் போட்டுச்சு! அதுக்கப்புறம் 2018 அக்டோபர்லேர்ந்து 2019 ஏப்ரல் வரைக்கும் நியூயார்க் கக்கன்ஹைம் மியூசியத்துல நடந்தது தான் அந்த 6 லட்சம், அந்த மியூசியத்துல அதுவரைக்கும் எதுக்குமே அவ்ளோ கூட்டம் வந்ததில்ல. அதுல ஒரு வேடிக்கை பாருங்க, படங்களை மாட்ட சுருளா ஏறிப்போற கோயில் வேணும்னு அந்தம்மா நினைச்சிருந்தாங்க, கக்கன்ஹைம் கட்டடமே சுருள் தான்.

கேள்வி: ஆவி சொல்லி வரைஞ்சாங்களாமே, நெசமா சார்? (மதுரை வாசகர்)

பதில்: ஆவி வந்துச்சான்னு கேட்டா எனக்கு நம்பிக்கை இல்ல, ஆனா வந்துச்சுன்னு அவங்க நம்பினது நெசம். 1896லேர்ந்து அஞ்சு பொம்பளைங்களா உக்காந்து ஆவிங்ககிட்ட பேசி நோட்டுல எழுதுவாங்க, வந்த ஆவிகள்ல ஒண்ணு பேரு ஆனந்தா! இது அப்போ ஐரோப்பால பைத்தியக்காரத்தனம் இல்லீங்க, எக்ஸ்ரேயும் ரேடியோ அலையும் கண்டுபிடிச்ச காலம், கண்ணுக்குத் தெரியாதது நெறைய இருக்குன்னு படிச்சவங்களே நம்பினாங்க. இதுக்கு நம்ம அடையாறும் ஒரு காரணம். ஹில்மா தியோசாபிகல் சொசைட்டி மெம்பர், எல்லா மதத்துக்கும் பின்னாடி ஒரே உண்மை இருக்குன்னு தேடற அமைப்பு, அதோட தலைமையகம் 1880கள்லேர்ந்து அடையாறு தான். எண்ணத்துக்கு நிறமும் உருவமும் இருக்குன்னு அந்த சொசைட்டியோட அன்னி பெசன்ட்டும் லெட்பீட்டரும் கலர் படத்தோட புத்தகமே போட்டாங்க. அடையாறு ஆலமரத்தடியில போய் செல்ஃபி எடுக்கறவங்க இதையும் கொஞ்சம் நினைச்சுக்கலாம்.

கேள்வி: அப்ப அப்ஸ்ட்ராக்ட் ஓவியத்துல ஃபர்ஸ்ட் இவங்களா, காண்டின்ஸ்கியா? (கோவை வாசகர்)

பதில்: ஆளு, மரம்னு எதையும் காட்டாம நிறமும் வடிவமும் மட்டும் வச்சு வரையறது தான் அப்ஸ்ட்ராக்ட். வருஷக் கணக்குப் பாத்தா இவங்க தான் முன்னாடி, ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கி தன்னோட முதல் அப்ஸ்ட்ராக்ட் படம் 1911னு சொல்லிக்கிட்டவர். ஆனா ஹில்மா அப்ஸ்ட்ராக்ட் பண்றோம்னு பண்ணல, கேட்டதை எழுதற மாதிரி வரைஞ்சாங்க. அந்தப் பந்தயத்துல ஓடவே இல்லாத ஆளுக்கு எதுக்கு கப்பு?

கேள்வி: போன்லயே படம் எல்லாம் கிடைக்குதே, நேர்ல பாத்தா என்ன வித்தியாசம்? (நெல்லை வாசகி)

பதில்: நானும் நேர்ல பாக்கலம்மா. 1907ல வரைஞ்ச பெரிய படம் பத்து இருக்கு, குழந்தையிலேர்ந்து முதுமை வரைக்கும், ஒவ்வொண்ணும் 3.2 மீட்டர் உயரம், 2.4 மீட்டர் அகலம். எவ்ளோ பெருசுன்னு பாப்போம்னு டேப்பும் சாக்பீஸும் எடுத்து ஹால் செவத்துல கோடு போட ஆரம்பிச்சேன், பத்தடியில சீலிங் வந்துருச்சு, படம் இன்னும் அரையடி பாக்கி.