'ரூட்' என்று சொல்லிவிட்டார்

வணக்கம் அண்ணா,

ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். இப்போது கொழும்பில் ஓர் அலுவலகத்தில் வேலை. போன வாரம் என் மேலதிகாரியிடம் "கிவ் மீ த ஃபைல், சேர்" என்று கேட்டேன். "யூ ஆர் வெரி ரூட்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அவரும் தமிழர்தான். நான் மரியாதையாகத்தான் கேட்டேன். அகராதியில் மரியாதை கெட்ட, கரடுமுரடான, பண்படாத, படிப்பறிவில்லாத என்று வரிசையாக இருக்கிறது. அவர் எதைச் சொன்னார்? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

அவர் சொன்னது மரியாதை கெட்டவள் என்றுதான். ஆனால் அகராதியில் பின்னால் கிடக்கிற அர்த்தங்கள்தான் வயதில் மூத்தவை. லத்தீனில் 'ரூடிஸ்' என்றால் இன்னும் கைவேலை படாதது, பதப்படாதது. அதிலிருந்து பயிற்சி இல்லாத, படிக்காத ஆளையும் அப்படிச் சொன்னார்கள். பிரெஞ்சு வழியாக அது இங்கிலீஷுக்குள் வந்தது. 1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில் பவுல் தன்னைப் பேச்சில் 'ரூட்' என்கிறார் (2 கொரிந்தியர் 11:6). யாரையும் எடுத்தெறிந்து பேசுகிறவன் என்ற அர்த்தத்தில் இல்லை. நம் தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் 'கல்லாதவன்' என்றே இருக்கிறது. பெரிய படிப்பாளியைக் குறிக்கும் 'எரூடைட்', அடிப்படைப் பாடத்தைக் குறிக்கும் 'ரூடிமென்ட்ஸ்' இரண்டுக்கும் வேர் இதே ரூடிஸ்தான்.

படிக்காதவன் எப்படி மரியாதை தெரியாதவன் ஆனான்? அதற்குப் பக்கத்துச் சொற்களையும் பார்க்க வேண்டும். மரியாதையானவரைச் சொல்கிற சொற்களில், 'பொலைட்' லத்தீனில் மெருகேற்றியது. 'கர்ட்டியஸ்' அரசவையிலிருந்து வந்தது, 'அர்பேன்' நகரத்திலிருந்து. எதிர்ப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். முரடனைச் சொல்கிற இங்கிலீஷ் 'போர்' (boor), டச்சு மொழியில் விவசாயி. 'வில்லன்' ஆதியில் பண்ணையாள். மண்ணில் வேலை செய்தவனின் பேரையே எடுத்துத் திட்டாக்கிவிட்டார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

நமக்கு இது புதிதா? நாம் கூலி என்று சொல்வது வேலைக்குக் கிடைக்கும் சம்பளத்தை. துரைமார் வாயில் கூலி என்றால் ஆள், அதுவும் பேரில்லாத ஆள். வெள்ளைக்காரனை மட்டும் சொல்லிப் பயனில்லை. 'தோட்டக்காட்டான்' என்று நம்மைச் சொன்னவர்கள் தமிழில்தான் சொன்னார்கள், தமிழர்களும் சொன்னார்கள். 'நாகரிகம்' என்ற சொல்லே நகரத்தை ஒட்டி வந்ததுதான். ஆனால் வள்ளுவர் அதைக் கண்ணோட்டம் என்ற அதிகாரத்தில் வைத்தார் (குறள் 580). பழகியவர் நஞ்சைக் கொடுத்தாலும் முகம் முறியாமல் குடிக்கிற அளவுக்கு இரக்கம் உள்ளவர்களை 'நயத்தக்க நாகரிகம் வேண்டுபவர்' என்கிறார். ஊரும் படிப்பும் அங்கே பேச்சே இல்லை.

இனி உங்கள் வாக்கியத்துக்கு வருவோம். கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்று கேட்டிருப்பீர்கள். கூடையில் ஈரம் என்று சொல்லிக் கிலோவை வெட்டுகிறார்கள். வயிறு எரிய நிற்கிற அம்மாகூட, "ஐயா, தராசு நிக்கட்டுங்க, அப்புறம் எழுதுங்க. இவ்வளவு வெட்டாதீங்க" என்றுதான் சொல்வார். சண்டைக்கு நடுவிலும் அந்த 'ங்க' விழாது. தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலிலேயே இருக்கிறது. இங்கிலீஷ் 'கிவ்'வுக்கு அந்த வால் கிடையாது; தா என்றாலும் தாருங்கள் என்றாலும் ஒரே 'கிவ்'தான். நீங்கள் மனதில் 'ஃபைலைத் தாங்க சேர்' என்று நினைத்து வாயால் இங்கிலீஷில் சொன்னீர்கள். 'சேர்' போய்ச் சேர்ந்தது, 'ங்க' வழியில் விழுந்துவிட்டது. அதை ஈடுகட்டத்தான் அவர்கள் 'ப்ளீஸ்' போடுகிறார்கள், கட்டளையைக் கேள்வியாக்குகிறார்கள்.

அதனால் 'குட் ஐ ஹேவ் த ஃபைல், ப்ளீஸ்' என்று பழகிக்கொள்ளுங்கள். வேலைக்கு உதவும், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் இளைய ஊழியர் ஒருவரைப் பத்துப் பேர் முன்னால் வைத்து அப்படிச் சொன்னது சரியில்லை. என் கணக்கில் அன்றைக்கு மரியாதை தவறியவர் அவர்தான். மறுபடி அப்படி நடந்தால் வாயை மூடிக்கொண்டு வந்துவிடாதீர்கள். தனியாகப் போய், "எந்த வார்த்தை தப்புன்னு சொல்லுங்க சேர், திருத்திக்கிறேன். ஆனா எல்லார் முன்னாலயும் அப்படிச் சொல்லாதீங்க" என்று கேளுங்கள். அவரும் தமிழர் என்கிறீர்கள், தமிழிலேயே கேளுங்கள்.

அன்புடன்,
அண்ணன்