பின்பக்கம் உட்காரும் பிக்கப்: பட்டை சேர்ப்பதற்கு முன் எடை போடுங்கள்

கேள்வி: வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் ஷாமியானா, ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறேன். என்னிடம் இருப்பது 2011 மாடல் ஸ்கார்பியோ கெட்டவே பிக்கப், ஃபோர் வீல் டிரைவ். வாரம் இரண்டு முறை ஒடுகத்தூர் வழியாக ஜவ்வாது மலையில் இருக்கும் பீஞ்சமந்தைக்கு ஏறி, சாமையும் புளியும் ஏற்றிக்கொண்டு இறங்குவேன். திருவிழாக் காலத்தில் ஜெனரேட்டர் டிரெய்லரை மாட்டி இழுக்கிறேன். டிரெய்லர் மாட்டினால் பின்பக்கம் நன்றாக உட்கார்ந்துவிடுகிறது, ஸ்டியரிங் லேசாகிறது, எதிரே வருபவர்கள் டிம் அடிக்கச் சொல்கிறார்கள். பின்னால் இரண்டு பட்டை (லீஃப் ஸ்பிரிங் இலை) சேர்த்து, முன்னால் 3 இன்ச் தூக்கிவிடலாம் என்கிறார்கள் பட்டறையில். பட்டைக்குத் துணையாக ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே காற்றுப்பை போடச் சொல்பவர்களும் உண்டு. எது சரி?

பதில்:

மாட்டு வண்டி ஓட்டியவர்கள் வீட்டில் யாராவது இருந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து அமுங்கும், பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும் என்று உடனே சொல்லிவிடுவார். நீங்கள் எழுதிய மூன்று தொந்தரவுகளும் (பின்பக்கம் அமுங்குவது, ஸ்டியரிங் லேசாவது, ஹெட்லைட் மேலே பார்ப்பது) முன்பாரம் ஏறிய டிரெய்லரின் அடையாளம். பிக்கப்தான் இங்கே மாடு. அதன் கால் பலவீனமா என்பதை அப்புறம் பார்ப்போம்.

கணக்கு இதுதான். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 3 மீட்டர், பின் ஆக்சிலிலிருந்து கொக்கி வரை 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டிரெய்லர் கொக்கியின் மேல் 100 கிலோ அமுக்கினால், பின் ஆக்சிலுக்கு 100 கிலோ மட்டும் போகாது; 140 கிலோ போகும். கூடுதலான அந்த 40 கிலோ முன் சக்கரத்திலிருந்து கழன்று வந்தது. சீசா பலகை மாதிரி, பின் ஆக்சில்தான் நடுமுட்டு. கொக்கி மேல் 250 கிலோ ஏறினால் பின்னால் 350 கூடும், முன்னால் 100 குறையும். முன் சக்கரத்தில் 100 கிலோ குறைந்தால் ஸ்டியரிங் லேசாகத்தான் செய்யும். நீங்கள் எவ்வளவு பட்டை சேர்த்தாலும் பின்பக்கம் உயரும், லைட் கீழே இறங்கும், ஆனால் அந்த 100 கிலோ முன்னால் திரும்பி வராது. வண்டி நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து நெடுஞ்சாலையில் வேகமெடுப்பீர்கள். அதுதான் எனக்குப் பயம்.

ஆகவே முதல் வேலை தராசு. வெல்ல மண்டியில், நெல் மண்டியில் மூட்டை நிறுக்கும் பிளாட்ஃபாரத் தராசு இருக்கும். டிரெய்லரைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கொக்கி முனையைத் தராசின் மேல் வைத்த ஒரு முட்டுக்கட்டையில் இறக்குங்கள். கொக்கி வழக்கமாக நிற்கும் உயரத்திலேயே இருக்க வேண்டும். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் அமுங்கினால் சரி. 1,000 கிலோ டிரெய்லருக்கு நான் 100-ஐ ஒட்டியே வைப்பேன். அதைவிட ரொம்பக் குறைத்தால் டிரெய்லர் வால் ஆட்டும், அது இன்னும் மோசம். கூடுதலாக இருந்தால் ஜெனரேட்டரின் அடிப் போல்ட்டுகளைக் கழற்றி, கொஞ்சம் பின்னால் தள்ளிப் பொருத்துங்கள். டீசல் டேங்க் நிரம்பிய நிலையில், கேபிள் சுருளை எங்கே போடுவீர்களோ அங்கேயே போட்டு நிறுக்க வேண்டும். செலவு என்று பார்த்தால் ஒரு மெக்கானிக்கின் அரை நாள் கூலி.

அடுத்தது எடை மேடை. பிக்கப்பின் முன் சக்கரம் மட்டும், பின் சக்கரம் மட்டும், அப்புறம் முழு வண்டி என்று மூன்று சீட்டு வாங்குங்கள். காலி வண்டிக்கு ஒரு முறை, மலையிலிருந்து மூட்டையோடு இறங்கும்போது ஒரு முறை, டிரெய்லர் மாட்டி ஒரு முறை. ஆர்.சி.யில் இருக்கும் மொத்த எடையோடு ஒப்பிடுங்கள். அதற்கு மேல் போகிறது என்றால் எந்தப் பட்டையும் விடை இல்லை. பட்டை சேர்ப்பதால் வண்டியின் அனுமதி எடை கூடுவதில்லை. பிரேக்கும் ஆக்சிலும் சேசிஸும் பழையவைதான். அதிக பாரத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 என்பதும் தெரிந்திருக்கும்.

சரி, எடை எல்லாம் அளவுக்குள் இருக்கிறது, அப்படியும் பின்பக்கம் தொய்கிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டை இத்தனை வருடம் மலையில் உழைத்திருக்கிறது. சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இடமும் வலமும் வித்தியாசம் காட்டினால் ஒரு பக்கப் பட்டை தளர்ந்திருக்கலாம், அல்லது ஒரு இலை உடைந்திருக்கலாம். விரிசல் வழக்கமாக சென்டர் போல்ட் ஓட்டையை ஒட்டியும், மெயின் பட்டையின் முனையில் சுருண்டிருக்கும் காதுப் பக்கமும்தான் வரும். மண்ணைக் கழுவித் துடைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஷாக்கிளின் (பட்டையின் பின்முனையைச் சேசிஸோடு இணைக்கும் துண்டு) புஷ் ரப்பர் முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் அதுவும் கணக்கில் சேரும்.

தொய்ந்த பட்டையை உலையில் காய்ச்சி வளைத்துத் தருகிறேன் என்பார்கள். பட்டை எஃகு அதன் வலுவைப் பெறுவதே காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி அளவான சூட்டில் பதப்படுத்துவதால்தான். உலையில் சிவக்கக் காய்ச்சி அப்படியே ஆற விட்டால் அந்தப் பதம் போய்விடும். வளைவு அழகாக இருக்கும், சில மாதத்தில் பழையபடி படுத்துவிடும். முழு செட் புதிதாகப் போடுவதே மலிவு என்பது என் கணக்கு. இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

இப்போது அந்த ‘இரண்டு பட்டை’ விஷயம். ஒரு இலையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். 8 மி.மீ. இலையை விட 10 மி.மீ. இலை கால் பங்கு கூடுதல் விறைப்பானது என்று தோன்றும். உண்மையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பட்டறையில் கைக்குக் கிடைத்த லாரி இலையை வெட்டிச் சேர்த்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நான் ஒரு காலத்தில் யோசிக்கவில்லை. என் பழைய ஜீப்புக்கு அப்படி இரண்டு தடித்த இலை சேர்த்துக்கொண்டு அமிர்தி பக்கம் போனேன். பாரம் இருந்தபோது ராஜா மாதிரி போனது. திரும்பும்போது காலி, மழை வேறு. வளைவில் சின்னக் குழியில் விழுந்ததும் பின்சக்கரம் தரையை விட்டுத் துள்ளி, வால் பக்கவாட்டில் போனது. பள்ளம் இல்லாத பக்கம் போனதால் இன்றைக்கு இதை எழுதுகிறேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஷாக்கிள் மாட்டும் சேசிஸ் தாங்கியில் விரிசல். பட்டை வளையாவிட்டால் அந்த அடி வேறெங்காவது போகத்தானே வேண்டும்?

மலைப் பாதைக்கு வேண்டியது, சக்கரம் பள்ளத்தில் தாராளமாக இறங்கி, கல்லின் மேல் தாராளமாக ஏறி, எப்போதும் மண்ணைத் தொட்டுக்கொண்டிருப்பது. இழுவைக்கு வேண்டியது பாரம் ஏறினால் அமுங்காமல் நிற்பது. இரண்டும் எதிரெதிர். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வழி, கம்பெனி அளவில் புதிய செட் போட்டு, அதன் அடியில் ஒரே ஒரு தட்டையான ஹெல்ப்பர் இலை. காலி வண்டியில் அது மேல் இலைகளைத் தொடாது. பாரம் ஏறி மற்றவை நிமிர்ந்த பிறகுதான் தோள் கொடுக்கும். உங்கள் வண்டியில் ஏற்கெனவே அப்படி ஒன்று இருந்தால், புதிய செட்டே போதுமானதாக இருக்கும். ஹெல்ப்பரை இன்னொன்று கூட்டாதீர்கள்.

பட்டையை ஆக்சிலோடு சேர்த்துக் கட்டும் யூ போல்ட்டுகளைப் பழசையே போடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு தடவை இறுக்கிய யூ போல்ட் இழுபட்டிருக்கும், மறுபடி அதே பிடி வராது. காது போல்ட்டும் ஷாக்கிள் போல்ட்டும் வண்டி தரையில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்கப்பட வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் புஷ் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே பூட்டப்பட்டு, சீக்கிரம் கிழியும். பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்துத் தூக்குவது வேண்டவே வேண்டாம். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது பட்டை எஸ் வடிவத்தில் முறுக்கும்.

முன்பக்கம் வேறு கதை. உங்கள் வண்டியில் முன்னால் டார்ஷன் பார், அதாவது முறுக்கி நிற்கும் நீளக் கம்பி. அதன் போல்ட்டை இறுக்கினால் வண்டி உயரும், கம்பி தடிக்காது. கூடுதல் பலம் ஒன்றும் வருவதில்லை. உயர்ந்த அளவுக்கு சக்கரம் கீழே இறங்கும் தூரம் குறைகிறது. அதுதான் மலையில் உங்களுக்கு வேண்டிய தூரம். 3 இன்ச் தூக்கினால் முன் சக்கரத்தின் மூட்டுகளான பால் ஜாயிண்ட், சி.வி. ஜாயிண்ட் எல்லாம் கோணலாக நின்று உழைக்கும், ரப்பர் பூட் கிழியும், டயர் ஒரு பக்கம் தேயும். பின்பட்டை புதிதாகி வண்டி சற்று முன்னால் குனிந்த மாதிரி தெரிந்தால், ஒரு இன்ச்சுக்குள் ஏற்றி வீல் அலைன்மென்ட் பார்த்துக்கொள்ளுங்கள். இறுக்குவதற்கு முன் போல்ட்டில் எத்தனை மரை வெளியே இருக்கிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். கம்பியைக் கழற்றினால் இடது வலது மாறக் கூடாது.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. பின் ஆக்சிலுக்கு மேலே, சேசிஸில் ஒரு சின்ன வால்வும் அதிலிருந்து ஆக்சிலுக்கு ஒரு கம்பியும் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பின்பக்கம் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று பார்த்து, பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் விடலாம் என்று முடிவு செய்வது அதுதான். வண்டியைத் தூக்கிவிட்டால், மூட்டை நிறைய இருந்தாலும் ‘காலி வண்டி’ என்று எண்ணிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவில் பாரத்தோடு இறங்கும்போது அது தெரிய வரக் கூடாது. பட்டை மாற்றிய அன்றே அந்தக் கம்பியையும் அளவு பார்த்துச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

காற்றுப்பை? சென்னை–பெங்களூர் சாலையில் மட்டும் டிரெய்லர் இழுப்பவர் கேட்டிருந்தால் போடலாம் என்றிருப்பேன். தான் தாங்கும் பாரத்தை ஒவ்வொரு பக்கமும் சேசிஸின் ஒரே புள்ளியில் கொடுக்கும் சாதனம் அது. பட்டையோ முன் காது, பின் ஷாக்கிள் என்று இரண்டு இடத்தில் பிரித்துக் கொடுக்கிறது. வண்டியின் வாலில் அதிக பாரம், கரடுமுரடான பாதை, காற்றுப்பை மூன்றும் சேர்ந்தால் சேசிஸ் வளையலாம். தவிர, சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது பை இழுபட்டுக் கிழியும். ஜவ்வாது மலைக் கல்லும் முள்ளும் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஷாக் அப்சார்பர் பாரத்தைத் தாங்காது. ஆட்டத்தை அடக்கும், அவ்வளவுதான். ஆனால் பழைய ஷாக்கோடு புதுப் பட்டை போட்டால் வண்டி குதிரை மாதிரி ஆடும். எண்ணெய் கசிந்திருந்தால் நான்கையும் மாற்றுங்கள். வேலூர் வெயிலில் கல் பாதையில் ஒரு மணி நேரம் ஓடினால் உள்ளே எண்ணெய் சூடேறி நுரைக்கும், அதனால் நைட்ரஜன் நிரப்பியது நல்லது. வாங்கும் முன் நீளம் அளந்து பாருங்கள்: சக்கரம் முழுக்கத் தொங்கும்போது ஷாக்கும் இழுபட்டு முடிந்துவிடக் கூடாது.

டயர் காற்றை மறந்துவிடாதீர்கள். காலி வண்டியோடு மலையில் மெதுவாக ஏறும்போது 35-லிருந்து 25 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் கிடைக்கும் மென்மையை எந்தப் புதிய ஷாக்கும் தராது. ஒரு சின்ன கம்ப்ரெசர் வண்டியிலேயே இருக்கட்டும். மூட்டை ஏற்றும் முன்னும் டிரெய்லர் மாட்டும் முன்னும் பழைய அளவுக்கு ஏற்றியாக வேண்டும்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டை, ஷாக், புஷ் எல்லாம் கம்பெனி அளவில் மாற்றுவது பழுது பார்ப்பது. வண்டியைக் கணிசமாகத் தூக்குவது மாற்றம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு அதைத் தடுக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான். டிரெய்லருக்கும் தனிப் பதிவு இருக்க வேண்டும்.

குடியாத்தம் சிரசுத் திருவிழா வைகாசி முதல் தேதி. உங்கள் ஜெனரேட்டருக்கு அப்போது வேலை இருக்கும் என்று நினைக்கிறேன். பட்டை வேலையைப் பங்குனியிலேயே முடித்துவிடுங்கள். டிரெய்லர் இல்லாமல் ஒரு 500 கிலோமீட்டர் மலைக்கும் கீழுக்கும் ஓட்டி, யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்கி, ஹெட்லைட் வெளிச்சத்தைச் சுவரில் அடித்துச் சரிபார்த்து, அதற்கப்புறம் டிரெய்லரை மாட்டுங்கள்.