சாயப் புட்டியா, சாயமேற்றிய கையா?
கிராம் சாயமேற்றத்துக்கான பொருட்களை வாங்கியவர்களின் கடிதங்கள், சுருக்கப்பட்ட வடிவில். ஊதாச் சாயமான கிரிஸ்டல் வயலட், அயோடின், நிறம்நீக்கி, இளஞ்சிவப்பாகக் காட்டும் சாஃப்ரனின் என நான்கையும் வரிசையாக இட்டு, ஊதாவாகத் தெரியும் பாக்டீரியாவைக் கிராம் பாசிட்டிவ் என்றும் இளஞ்சிவப்பாகத் தெரிவதைக் கிராம் நெகட்டிவ் என்றும் பிரிக்கும் முறை இது.

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வகத்துக்குப் புதிய கிராம் சாயத் தொகுப்பு வாங்கினோம். ஊதாவாகத் தெரிய வேண்டிய ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியா இளஞ்சிவப்பாகவே தெரிகிறது. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: கேட்பதற்கு முன் கல்ச்சர் (ஆய்வகத்தில் வளர்த்த பாக்டீரியா) எப்போது வளர்க்கப்பட்டது என்று பாருங்கள், கடிதத்தில் அந்த ஒன்றைத்தான் எழுத மறந்திருக்கிறீர்கள். 18 முதல் 24 மணி நேரம் வளர்ந்த கல்ச்சரே இந்தச் சோதனைக்கு ஏற்றது. நாள்பட்ட கல்ச்சரில் கிராம் பாசிட்டிவ் செல்களின் சுவர் சிதையத் தொடங்கியிருக்கும் என்பதால், உள்ளே சென்ற ஊதா தங்காமல் வெளியேறிவிடும். பென்சிலின் போன்று செல் சுவரைத் தாக்கும் மருந்து பட்ட பாக்டீரியாவும் இப்படியே ஏமாற்றும். புதிய ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸையும் எ.கோலையையும் ஒரே ஸ்லைடில் அருகருகே வைத்துச் சாயமேற்றுங்கள். முதலாவது ஊதாவாகவும் இரண்டாவது இளஞ்சிவப்பாகவும் வந்தால் தொகுப்பின் மீது குற்றமில்லை. சாயமேற்றும் முறையைச் சரிபார்த்த பிறகும் இரண்டும் இளஞ்சிவப்பாகவே வந்தால், அந்த ஸ்லைடைச் சான்றாக வைத்துக்கொண்டு புகார் எழுதுங்கள்.

கேள்வி: அயோடின் கரைசல் வெளிர் மஞ்சளாக வந்து சேர்ந்தது. கேட்டால், "அயோடின் எந்த நிறத்தில் இருந்தாலும் அயோடின்தான்" என்கிறார் விற்றவர்.

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், இதில் உங்கள் பிழை எதுவுமில்லை. கிராம் அயோடின் என்பது 1 கிராம் அயோடினும் 2 கிராம் பொட்டாசியம் அயோடைடும் 300 மில்லிலிட்டர் நீரில் கரைந்த கரைசல். அது கடுங்காப்பி போலப் பழுப்பாக இருக்க வேண்டும். வெளிச்சம் பட்டாலோ மூடி தளர்ந்திருந்தாலோ அயோடின் குறைந்து கரைசல் வெளுத்துவிடும். செல்லுக்குள் நுழைந்த கிரிஸ்டல் வயலட்டுடன் சேர்ந்து பெரிய கூட்டுப்பொருளாகி, அதை எளிதில் வெளியேற விடாமல் செய்வதுதான் அயோடினின் வேலை. அந்த வேலை நடக்காவிட்டால் கிராம் பாசிட்டிவ் செல்லும் நிறமிழந்து நெகட்டிவ் என்று பதிவாகிவிடும். புட்டியை வெள்ளைத் தாளின் முன் வைத்துப் படமெடுத்து, தொகுதி எண்ணுடன் அனுப்பி மாற்றுப் புட்டி கேளுங்கள். நிறமற்ற கண்ணாடிப் புட்டியில் வந்திருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். பெரிய புட்டி மலிவு என்று நானும் ஒரு முறை வாங்கி, பாதிக்கு மேல் வெளுத்துப்போனதைக் கொட்டியிருக்கிறேன். சிறிய பழுப்புப் புட்டிகளே முடிவில் சிக்கனம்.

கேள்வி: பாக்டீரியாவை ஒட்டவைக்கச் சுடரில் காட்டும்போது ஸ்லைடுகள் விரிசல் விடுகின்றன. விலை உயர்ந்த ஸ்லைடுகளுக்கு மாறலாமா?

பதில்: வேண்டாம். புறங்கையில் வைத்தால் தாங்க முடியாத அளவுக்கு ஸ்லைடைச் சுட்டால் செல் சுவரும் கெடும், முடிவும் கெடும். அளவாகக் காட்டப் பழகுங்கள். இல்லையென்றால் மெத்தனாலில் நிலைப்படுத்துங்கள்.

கேள்வி: முன்பு வாங்கிய தொகுப்பில் எல்லாம் சரியாக வந்தது. வேறு நிறுவனத்தின் தொகுப்புக்கு மாறியதிலிருந்து, அதே விநாடிக் கணக்கைப் பின்பற்றியும் பாசிட்டிவ் எல்லாம் நெகட்டிவாக வருகின்றன. எது போலி?

பதில்: இரண்டுமே போலியாக இல்லாமல் இருக்கலாம். மூன்றாம் புட்டியின் லேபிளைப் படியுங்கள். "நிறம்நீக்கி" என்ற ஒற்றைச் சொல்லைத் தவிர வேறொன்றும் அதில் இராது என்று நினைக்கிறேன், என் நெடுநாள் மனத்தாங்கலும் அதுதான். 95 சதவீத எத்தனால் மெதுவாக நிறத்தை நீக்கும். அசிட்டோன் மிக விரைவாக நீக்கும். இரண்டும் கலந்தது இடைப்பட்ட வேகத்தில் நீக்கும். டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-இல் இம்முறையை வெளியிட்டபோது பயன்படுத்தியது ஆல்கஹாலைத்தான். நான்கு படிகளில் முடிவை எளிதில் தலைகீழாக்கக்கூடியது இந்தப் படி. கிராம் நெகட்டிவ் செல்லின் வெளிச்சவ்வை நிறம்நீக்கி கரைத்துவிடுவதால், செல் சுவரின் மெல்லிய பெப்டிடோகிளைக்கன் அடுக்கு ஊதாவைப் பிடித்துவைக்க முடியாமல் விட்டுவிடுகிறது. கிராம் பாசிட்டிவ் செல்லின் தடித்த சுவரோ நீரிழந்து இறுகி, ஊதாவை உள்ளேயே சிறைவைக்கிறது. சில விநாடிகள் கூடினால் இறுகிய சுவரும் ஊதாவை விட்டுவிடும். குறைந்தால் நெகட்டிவ் செல்லிலும் ஊதா தங்கிவிடும். விநாடிகளில் முடிவு மாறும் ஒரு திரவத்தில் என்ன கலந்திருக்கிறது, எந்த விகிதத்தில் கலந்திருக்கிறது என்று அச்சிடாமல் விற்பவர்கள், வாங்குபவரின் கண்ணைக் கட்டிவிட்டு நடக்கச் சொல்கிறார்கள். கலவை விகிதமும் காலாவதித் தேதியும் இல்லாத புட்டியை நான் வாங்குவதில்லை. திறந்து வைத்தால் அசிட்டோன் முந்தி ஆவியாகி வேகம் குறையும் என்பதால், திறந்த தேதியையும் புட்டியின் மேலேயே எழுதிவிடுகிறேன்.

உங்கள் பங்குக்கு, பழைய விநாடிக் கணக்கை மறந்துவிடுங்கள். ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக விட்டு, வழியும் திரவத்தில் ஊதா நின்றதும் உடனே நீரால் கழுவுங்கள். ஸ்மியர் (ஸ்லைடில் பூசிய பாக்டீரியாப் படலம்) தடிமனாக இருந்தால் இதுவும் உதவாது. நடுவில் ஊதாவும் விளிம்பில் இளஞ்சிவப்பும் தெரியும். அச்செழுத்தின் மீது வைத்தால் அதை ஸ்மியரின் ஊடாகப் படிக்க முடிய வேண்டும்.

கேள்வி: காலாவதியான தொகுப்பு பாதி விலைக்குக் கிடைக்கிறது. மாணவர் பயிற்சிக்குத்தானே, வாங்கலாமா?

பதில்: கூடாது. சரியான நிறம் எது என்று இன்னும் அறியாதவர்களுக்குத்தான் நம்பகமான சாயம் முதலில் தேவை. தேதியைப் பார்த்த பிறகும் இப்படிக் கேட்பவருக்கு இதற்கு மேல் விளக்க எனக்குப் பொறுமையில்லை.

கேள்வி: காசநோய்க் கிருமியைக் கிராம் முறையில் தெளிவாகக் காட்டும் தொகுப்பு எது?

பதில்: அப்படி ஒன்றை யார் விற்றாலும் வாங்காதீர்கள். அந்தக் கிருமியின் சுவர் மெழுகுத்தன்மை உடையது. இத்தகைய கிருமிகளுக்கென உள்ள சீல்-நீல்சன் முறைக்கான சாயங்களைக் கேளுங்கள்.

கேள்வி: எங்கு பார்த்தாலும் கரிய ஊதாப் புள்ளிகள். கிரிஸ்டல் வயலட்டில் பாக்டீரியா கலந்திருக்கிறதா?

பதில்: பெரும்பாலும் அவை சாயத்தின் படிவுகள். கோக்கை (உருண்டை வடிவ பாக்டீரியா) ஒரே அளவில், ஒரே குவியத்தில் தெரியும். படிவுகள் பல அளவுகளில் ஒழுங்கற்றுத் தெரியும். வடிதாளில் வடிகட்டிப் பயன்படுத்துங்கள். வடிகட்டியும் அதே புள்ளிகள் தெரிந்தால் ஸ்லைடைத் துடைக்காமல் பெட்டியிலிருந்து எடுத்தபடியே பயன்படுத்துகிறீர்களா என்று பாருங்கள்.

கேள்வி: கடைசிப் படியின் சாயமாகச் சாஃப்ரனின் வாங்குவதா, பேசிக் ஃபுக்சின் வாங்குவதா?

பதில்: பொதுவான பயன்பாட்டுக்குச் சாஃப்ரனின் போதும். ஹீமோஃபிலஸ், லெஜியோனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் சாஃப்ரனினில் மங்கலாகவே தெரியும் என்பதால், அவற்றை அடிக்கடி பார்ப்பவர் ஃபுக்சின் வாங்கலாம். இரண்டையும் ஒன்றாகக் கட்டி விற்கும் தொகுப்புக்குக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.